ஆறாவதாக நின்ற ஆள்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் யார் யார் இருந்தார்கள் என்பதை எழுதிவிடுகிறேன். நலம் விசாரிப்பது அதற்குப் பிறகு.

இன்று மதியம் இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு, நீ எனக்குக் கற்றுக்கொடுத்த அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டில், நம் கூட்டத்தின் மண்டபத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். ஒன்று, வாத்தியார், அதே பச்சை அங்கி, அதே தாடி. இரண்டு, பல் டாக்டர். மூன்று, தூங்குமூஞ்சி, நாலு வருஷத்துக்கு முன்னால் எந்தத் தூணில் சாய்ந்து நின்றாரோ அதே தூண். நான்கு, கரடி என்று ஒரு புது ஆள். ஐந்து, மருந்துக்காரியாகிய நான். ஆறாவதாக, கிணற்றை ஒட்டி, தோளில் சுத்தியலைச் சாய்த்துக்கொண்டு நின்றது நீ.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். தலைக்கு மேல் ‘சுத்தியல்’ என்றுதான் எழுதியிருந்தது. ஒருவர் வைத்த பெயரை அந்த உலகத்தில் இன்னொருவர் வைக்க முடியாது என்று சொல்லிக்கொடுத்ததே நீதான்.

நீங்கள் சுரங்கம் குடையும் மலையில் டவர் கிடையாது, போனை அணைத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன், பத்து நாளைக்கு ஒரு லாரி வரும், அதில் போகிற கடிதம்தான் வழி என்று எழுதியிருந்தாய். லாரியில் வந்த கடிதம் என் மேஜை மேல் இருந்தது. நீ திரையில் இருந்தாய்.

‘தம்பியா?’ என்று தட்டினேன். பதினோரு நிமிடம் அசையாமல் நின்றுவிட்டு வடக்கு வாசல் வழியாக வெளியே போய்விட்டாய்.

இத்தனை காலம் கழித்து அங்கே உனக்கு என்ன வேலை என்று நீ கேட்கலாம். உன் கடிதங்கள் நாலு வரியில் முடிந்துவிடுகின்றன. பாப்பாவின் படிப்புக்கென்று அத்தான் வாங்கிய கம்ப்யூட்டர் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில், அவள் பள்ளிக்கூடம் போன பிறகு சும்மா கிடக்கிறது. நாம் இருவரும் சுற்றிய இடத்தை ஒருதரம் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். கடவுச்சொல் என் நோட்டில் இருந்தது. போட்டதும் திறந்துகொண்டது.

இங்கே நான், அத்தான், பாப்பா மூவரும் ஆண்டவன் கருணையால் சுகம். அத்தானுக்குக் குளிரில் முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது. உன் இருமல் எப்படி இருக்கிறது? அங்கே நின்றது யார்?

அக்கா

ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் பரவாயில்லை. பாறை வெடித்த பிறகு அரை மணி நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது என்று இப்போது விதி போட்டிருக்கிறார்கள். அதனால் தூசி குறைவு. அத்தானை முழங்காலுக்குச் சூடு வைக்கச் சொல்.

விளையாட்டில் நின்றது நான் இல்லை. இங்கே டவர் இல்லை என்று எழுதியது உண்மை. நீ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. வாத்தியாரையும் மற்றவர்களையும் கேட்டதாகச் சொல். பாப்பாவுக்கு என் அன்பு.

தம்பி

பிப்ரவரி 5

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. இருமல் குறைந்ததற்கு ஆண்டவனுக்கு நன்றி சொன்னேன். அடுத்த வரியைப் படித்ததும் நன்றி பாதியில் நின்றுவிட்டது.

உன் சைக்கிளில் வேறு ஒருவன் போனான் என்று நான் எழுதினால், நீ என்ன கேட்பாய்? எந்தப் பக்கம் போனான், ஆள் எப்படி இருந்தான் என்றுதானே? நீ ஒன்றுமே கேட்கவில்லை. பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்கிறாய். பறிகொடுத்தவன் எழுதுகிற கடிதமா இது?

அதனால் நானே சோதித்துப் பார்த்தேன். போன செவ்வாய்க்கிழமை சுத்தியல் தனியாக மதில் மேல் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, நம் வீட்டு ஆளுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்டேன்.

‘அப்பா நம்ம ரேடியோவ எப்படிப் பாட வைப்பாரு?’

எழுந்து போய்விடும் என்று நினைத்தேன். அப்புறம் வந்தது:

‘உச்சந்தலையில ரெண்டு தட்டு. மூணாவது தட்டு விழுந்துச்சுன்னா வேற ஸ்டேஷன்.’

தம்பி, அந்த ரேடியோவைத் தெரிந்தவர்களில் அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். மிச்சம் நீயும் நானும். நான் நாற்காலியில் இருந்தேன். அப்படியென்றால் மதில் மேல் இருந்தது யார்?

வீட்டில் சொன்னேன். அத்தான், “வேலைய விட்டுட்டு எங்கேயாவது ரூம் போட்டு விளையாடிக்கிட்டு இருப்பான். தபால் போட லாரிக்காரனைப் பிடிச்சு வெச்சிருப்பான். உங்க குடும்பத்துக்கே மூளை கொஞ்சம் அதிகம்” என்கிறார். பாப்பா அவரை விடவில்லை. “போங்கப்பா, மாமா பொய் சொல்றதா இருந்தா இதவிட நல்லா சொல்லுவாரு” என்றாள். இரண்டில் எதை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

வேலை போய்விட்டதா? உடம்புக்கு ஏதாவதா? எதுவானாலும் எனக்குச் சொல்லலாம். சொல்லாவிட்டால், சுத்தியலை வேறு யாரோ திருடியிருக்கிறார்கள் என்று விளையாட்டு நடத்துகிறவர்களுக்குப் புகார் எழுதப் போகிறேன். அதற்குப் படிவம் இருக்கிறதாம். பாப்பா எடுத்துக் காட்டினாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

வேலை போகவில்லை. இந்த மாத வருகைச் சீட்டை, மேற்பார்வையாளர் முத்திரையோடு இதில் வைத்திருக்கிறேன். தகரம் போட்ட ஒரே அறையில் நாலு கட்டில். என்னுடையது ஜன்னல் ஓரம். சமையல்காரரையும் இரண்டு வரி எழுதச் சொன்னேன். கீழே இருப்பது அவர் கையெழுத்து.

‘அம்மா, உங்க தம்பி இங்கேதான் இருக்கார். தினமும் மூணு வேளையும் என் சமையலைக் குறை சொல்றார். வேற எடத்துல இருந்துக்கிட்டு இவ்வளவு சரியாக் குறை சொல்ல முடியாது.’

அக்கா, ஒன்று கேட்கிறேன். புகார் மட்டும் கொடுத்துவிடாதே. கொடுத்தால் சுத்தியலைப் பூட்டிவிடுவார்கள். அறுபது நாள் யாரும் உள்ளே வராவிட்டால் அங்கே நான் கட்டிய வீடும் போய்விடும். அது எனக்கு வேண்டும். ஏன் என்று இப்போது கேட்காதே.

அத்தானுக்கு முழங்கால் தேவலையா?

தம்பி

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

வருகைச் சீட்டைப் பார்த்தேன். முத்திரையை வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன். சமையல்காரருக்கு என் வணக்கத்தைச் சொல். நீ மலையில்தான் இருக்கிறாய் என்று ஒப்புக்கொள்கிறேன். அத்தானுக்கு வலி பாதி குறைந்திருக்கிறது.

ஆகவே அது நீ இல்லை. ஆனால் யார் என்று உனக்குத் தெரியும். இந்த இரண்டும் உன் கடிதத்திலேயே இருக்கின்றன. மூன்றாவதை நீ எழுதவில்லை. நானே கண்டுபிடித்துக்கொள்கிறேன்.

வாத்தியாரிடம் கேட்டுப் பொதுக் கிடங்கின் சாவியைத் திரும்ப வாங்கிவிட்டேன். “வாங்கம்மா கணக்குப்பிள்ளை, நீங்க போனதுக்கப்புறம் கிடங்கு சந்தக்கடை ஆயிடுச்சு” என்று எழுதினார். இப்போது சாவி மூன்று பேரிடம்: வாத்தியார், நான், நான் விட்டுப்போன பிறகு சாவி வாங்கிய அந்தச் சுத்தியல். யார் எதை எடுத்தார் என்று அந்த விளையாட்டு குறித்து வைப்பதில்லை. என் நோட்டு ஒன்றுதான் சாட்சி. வந்திருக்கிறவர் எப்படிப்பட்டவர் என்று நீலவேர்க் கணக்கில் தெரிந்துவிடும்.

நீலவேர் என்று எழுதியதும் உனக்குக் கோபம் வரும். வரட்டும். நாலு வருஷமாக நாம் இதைப் பேசவே இல்லை, ஒருதரம் எழுதிவிடுகிறேன். எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்த அந்தப் பெண்ணை நீதான் நம் கூட்டத்துக்குள் கூட்டிவந்தாய். அங்கே அவள் பெயர் குருவி, வில் பிடிப்பாள். அவளைக் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியும், சந்தோஷமாகத்தான் இருந்தேன். அவளுக்கும் சாவி கொடுத்தோம். வருஷக் கடைசியில் எண்ணினால் நீலவேர் அறுபத்துமூன்று குறைகிறது. சண்டையில் விழுந்தவனை எழுப்புகிற ஒரே மருந்து. ஒரு செடி முளைக்க இரண்டு நாள் ஆகும். வாத்தியார் கிடங்குப் பக்கம் வருவதே இல்லை. மிச்சம் அவளும் நானும். எல்லாரும் பார்க்கிற பலகையில், குருவி கணக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதினேன். அன்று போனவள் வரவில்லை. கல்யாணப் பேச்சும் நின்றது. நீ இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. நானும் சாவியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நான் எழுதியது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. இருக்க வேண்டிய பொருள் இல்லை என்றால் எடுத்தவர் ஒருவர் இருக்க வேண்டும்.

இப்போதும் அன்று செய்த மாதிரியேதான் செய்கிறேன். சண்டைக்குப் போகுமுன் கிடங்கிலிருந்து பத்து வேர் எடுத்துப் பையில் போடுவேன். வழியில் குன்றின் மேல் கல்மாடத்தில் ஒன்றை வைப்பேன். வைத்ததும் சின்னச் சுடர் எரியும். எல்லாரும் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். சண்டையில் எத்தனை பேரை எழுப்பினேனோ அத்தனை வேர் செலவு என்று நோட்டில் எழுதுவேன். மிச்சத்தைத் திரும்பக் கிடங்கில் கொட்டுவேன். மாதம் முடிந்ததும் மொத்தமாக எண்ணிப் பார்ப்பது. பார்ப்போம், அந்த ஆளின் கை எவ்வளவு நீளம் என்று.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு படு.

அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். இருமல் இல்லை.

மறுபடியும் எண்ண வேண்டாம் அக்கா. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். பாப்பாவுக்குத் தேர்வு முடிந்தது. உன் இரண்டு வரிக் கடிதம் வருவதற்குள் நான் எண்ணி முடித்துவிட்டேன்.

மார்ச் மாதத்தில் ஒன்பது சண்டை. ஒன்பதிலும் நம் கூட்டம் முழுசாகத் திரும்பியது. நான் வேண்டியது வீண் போகவில்லை. நோட்டுப்படி கிடங்கில் இருக்க வேண்டிய நீலவேர் நூற்றுப் பன்னிரண்டு. இருந்தது நூற்று மூன்று. ஒன்பது குறைகிறது. மூன்றுதரம் எண்ணினேன். வாத்தியார் இந்த மாதம் கிடங்கைத் திறக்கவே இல்லை என்று சத்தியம் செய்கிறார்.

இன்று மதியம் சுத்தியலைக் கிடங்கு வாசலிலேயே மறித்தேன்.

‘ஒன்பது வேர் எங்க போச்சு?’

விடவில்லை, மறுபடி தட்டினேன்.

‘வாய் இல்லையா? ரேடியோ கதை மட்டும் வருதா?’

அதற்கப்புறம் வந்தது இது:

‘நீங்க எண்ணினா சரியாத்தான் இருக்கும்க்கா.’

தம்பி, இதே வார்த்தையை, இதே இடத்தில், ஒரே ஒரு ஆள்தான் எனக்குச் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு அன்றைக்கே போய்விட்டாள்.

உன் சுத்தியல் எப்படி அவள் கைக்குப் போனது? அறுபத்துமூன்றை எடுத்தவளிடமே வீட்டுச் சாவியைக் கொடுத்துவைத்திருக்கிறாயா? நம் அப்பாவின் ரேடியோவை அவளுக்கு யார் சொன்னது? மாதக் கடைசிவரை பார்ப்பேன். பதில் வராவிட்டால் படிவத்தை அனுப்பிவிடுவேன். பாப்பா பாதி நிரப்பி வைத்திருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. லாரி நாளைக் காலை புறப்படுகிறது, அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

அது குருவிதான். எனக்கும் அவளுக்கும் கல்யாணம் ஆகிப் பதின்மூன்று மாதம் ஆகிறது.

எதற்கும் யார் யார் இருந்தார்கள் என்றுதான் நீ முதலில் கேட்பாய். பதிவு அலுவலகத்தில் நான், அவள், அவள் அண்ணன், சாட்சிக்கு என்னோடு வேலை செய்யும் கம்பி கட்டுகிறவர் ஒருவர். அவ்வளவுதான். உனக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றும் என் பெட்டியில் இருக்கின்றன. போடவில்லை. திருடியைக் கட்டிக்கொண்டான் என்று நீ நினைப்பாய் என்று பயந்தேன். அதைவிட, அவளைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் சிரித்துவிட்டு, வீட்டுப் பீரோவை ஒருதரம் இழுத்துப் பார்ப்பாய் என்று பயந்தேன்.

நான் மலைக்கு வந்த பிறகு அந்த விளையாட்டு வீடு போய்விடக் கூடாது என்று அவளிடம் கடவுச்சொல்லைக் கொடுத்தேன். எக்ஸ்ரே அறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் உள்ளே போய்வருவாள். பகலில் அவள் அங்கே ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டால் எனக்கு இங்கே தூக்கம் வருகிறது. உன்னைப் பார்த்த முதல் நாள், பதினோரு நிமிடமும் தட்டித் தட்டி அழித்துக்கொண்டே இருந்ததாக எனக்கு எழுதினாள். ரேடியோவைச் சொன்னது நான்தான். நம் வீட்டைப் பற்றி அவளுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருக்க அவளுக்கு மனம் வரவில்லையாம்.

இனி நீ புகார் கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி. ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒன்பது சண்டை என்று எழுதியிருக்கிறாய். ஒன்பதுதரமும் மாடத்தில் ஒரு வேர் வைத்தாய். அதை நோட்டில் எந்தப் பக்கம் எழுதினாய்?

போன கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்கே தோன்றியது. நாலு வருஷமாக நான் இதைக் கேட்கவில்லை; தப்பு என்னுடையதும்தான்.

அவள் முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

தம்பி

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

லாரி நாலுதரம் வந்து போய்விட்டது. உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. கோபமாக இருந்தால் கோபம் என்றாவது எழுது. அத்தானுக்கு முழங்கால் எப்படி? பாப்பா எத்தனை மதிப்பெண்? நீ நலமா?

விளையாட்டுக்குள்ளும் நீ வருவதில்லை என்று குருவி எழுதியிருக்கிறாள். அவள் உன் பெயரைத் தினமும் தேடுகிறாளாம்.

தம்பி

ஜூன் 11

அன்புள்ள குருவிக்கு,

என் தம்பி மனைவிக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீ சுகமாக இருக்க வேண்டும் என்று இத்தனை நாளாக நான் ஒருதரம்கூட வேண்டிக்கொண்டதில்லை. இந்த ஒன்றரை மாதமாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். இதற்கு முன்னால் செய்யாததை மறைக்க விரும்பவில்லை, அதனால் எழுதுகிறேன்.

தம்பியின் கடிதம் வந்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு கேள்வியைக் கேட்டு என்னை மடக்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன். நோட்டை எடுத்து அவன் முகத்தில் அடிக்கிற மாதிரி பதில் எழுத உட்கார்ந்தேன். மார்ச் மாதப் பக்கங்களைப் பார்த்தேன். மாடம் என்ற சொல்லே இல்லை. பிறகு பரண் மேல் இருந்த பழைய நோட்டை அத்தான் இறக்கிக் கொடுத்தார். நீ இருந்த அந்த வருஷத்தில் நாம் போன சண்டை ஒவ்வொன்றும் தேதியோடு இருந்தது. எண்ணினேன். அறுபத்தொன்று.

ஆண்டவனுக்குக் கொடுத்ததைக் கணக்கில் எழுதினால் அது கொடுத்தது ஆகாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லித்தரவில்லை. எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. நானாகவே வைத்துக்கொண்டது. எல்லாருடைய கிடங்கிலிருந்து எடுத்து என் பக்திக்கு வைத்தேன், எழுதாமல் விட்டது பணிவு என்று நினைத்தேன், குறைந்ததை உன் தலையில் வைத்தேன். மீதி இரண்டு வேர் எங்கே போயின என்று இன்னும் தெரியவில்லை. அந்த இரண்டையும் என் பெயரிலேயே எழுதிவிட்டேன்.

இவ்வளவு தெரிந்தும் ஆறு வாரம் ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். தினமும் எழுத உட்காருவேன். பாதிக்கு மேல் போனால், நீயும் வாய் திறந்து சொல்லியிருக்கலாமே என்று ஒரு வரி தானாக வந்துவிடும். கிழித்துப் போடுவேன். அத்தான் பார்த்துக்கொண்டே இருந்தார். “மன்னிப்புக் கேக்குறதுக்கும் ரசீது கேக்குறியா?” என்றார். அன்று ராத்திரி அவரையே போட்டுச் சாப்பிடச் சொல்லிவிட்டேன்.

நேற்று மதியம் உள்ளே போய், எல்லாரும் பார்க்கிற பலகையில் எழுதிவிட்டேன். குருவி எதையும் எடுக்கவில்லை, வேர்களை மாடத்தில் வைத்தவள் நான், எழுதாமல் விட்டவளும் நான் என்று. உன் மேல் குற்றம் சொன்ன நாளில் அங்கே இருந்தவர்களில் மூன்று பேர்தான் இப்போது மிச்சம். போனவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தூங்குமூஞ்சிகூட விழித்துக்கொண்டு, ‘அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியாச்சா?’ என்று கேட்டார். சாவியை வாத்தியாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். புகார்ப் படிவத்தைப் பாப்பா அழித்துவிட்டாள்.

என்னை மன்னித்துவிடு. இதற்குப் பிறகு ஒரு வரியும் சேர்க்காமல் முடிக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை. சந்தேகப்படுவது என் புத்தி. அது ஒரு கடிதத்தில் போய்விடாது.

நீ வில்காரி. சண்டைக்கு முன்னால் காவலுக்கு நீ ஏறி நிற்கும் இடம் அந்தக் குன்றின் உச்சி. மாடம் உன் காலடியில் இருந்தது. நான் வேர் வைத்ததை நீ அறுபத்தொரு தடவையும் பார்த்திருக்க வேண்டும். பலகையில் நான் எழுதிய அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் தீர்ந்திருக்கும். அதற்குப் பதிலாக, நீங்க எண்ணினா சரியாத்தான் இருக்கும்க்கா என்று சொன்னாய். போன ஏப்ரலிலும் அதையே சொன்னாய். எல்லார் முன்னாலும் எனக்குத் தலைகுனிவு வர வேண்டாம் என்று விட்டாயா? என்னைப் போன்ற ஒருத்தியிடம் சொல்லிப் பயனில்லை என்று விட்டாயா? நானே ஒருநாள் கண்டுபிடித்துத் துடிக்கட்டும் என்று விட்டாயா? மூன்றாவதாக இருந்தாலும் நான் தாங்கிக்கொள்வேன். நீ எதையும் பார்க்கவே இல்லை என்றால் அதையும் எழுது.

தம்பிக்கு ஜூலையில் விடுப்பு வருகிறது. இருவரும் இங்கே வந்து தங்க வேண்டும் என்று கூப்பிட ஆசை இருக்கிறது, ஆனால் நீ என்ன நினைக்கிறாய் என்று தெரியாமல் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அதனால் நீயே எழுத வேண்டும். தம்பியிடம் சொல்லி அனுப்பாதே.

பதிலைச் சீக்கிரம் போடு.

அக்கா